மின்சார காருக்குப் பெட்ரோல் காரின் ஏசி கம்ப்ரஸர் பொருந்துமா?

கும்பகோணத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்கிறீர்கள், ஆனாலும் பொருந்தாது. அது எஞ்சின் பெல்ட்டில் சுற்றுவது, உங்கள் வண்டியில் எஞ்சினே இல்லையே! மின்சார கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கும். வோல்டேஜ், கேஸ் வகை இரண்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

அதைவிட முக்கியம் கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய். மோட்டார் சுருள் அந்த எண்ணெயில் நனைந்தே ஓடுவதால், மின்சாரம் கடத்தாத பிஓஇ வகைதான் பெரும்பாலும் ஊற்றுவார்கள். சாதாரண கார்களுக்கான பிஏஜி எண்ணெய் கலந்தால் இன்சுலேஷன் கெட்டு வண்டியே நின்றுவிடலாம். கேஸ் ஏற்றும் மெஷினின் ஹோஸில் ஒட்டியிருக்கும் மிச்சம்கூட வம்புதான். மெக்கானிக்கிடம் இதை முதலில் கேளுங்கள்.

அப்புறம், பல வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கம்ப்ரஸர்தான். சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது இரண்டு வேலையும் சேர்ந்து வரும். அதனால் திறன் குறைந்ததை வாங்காதீர்கள். உயர் வோல்டேஜ் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிளில் நீங்களாகக் கை வைக்கவும் வேண்டாம்.