ஆளி விதை பிஸ்கட் ஏன் முறுகவில்லை?

கேள்வி: உணவை உலர்த்தும் கருவியான டீஹைட்ரேட்டரில் 46 டிகிரியில் 12 மணி நேரம் வைத்தும் ஆளி விதை பிஸ்கட் தோல் மாதிரி வளைகிறதே?

பதில்: சூட்டைக் கூட்டாதீர்கள், வேகாமல் உலர்த்துவதுதானே நோக்கம். ஒரு கப் விதைக்கு ஒன்றரை கப் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழப்பு வரும். பசையே அதுதான், மாவு வேண்டாம். அதைத் தாள் விரித்த வலைத்தட்டில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். முதல் தடவை நான் அடை மாதிரி தட்டிவைத்தேன். நடுவில் ஈரம் நின்று மறுநாளே புளித்த வாடை! மேல்பக்கம் காய்ந்ததும், ஆறேழு மணி நேரத்தில், கவிழ்த்துப் போட்டு அடித்தாளை உரித்துவிடுங்கள். வலைத்தட்டில் அடியிலும் காற்று பட வேண்டும். மழைநாளில் நேரம் கூடும். ஆறியபின் ஒடித்துப் பாருங்கள், ‘டக்’கென்று ஒடிந்தால் சரி. அப்புறம், உப்பைக் குறைத்தே போடுங்கள். காயக் காயக் கரிக்கும்.