டோக்கியோவில் கைநாட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொறியியல் மேற்படிப்புக்காக டோக்கியோ வந்து ஒன்பது நாளாகிறது. ஊர் தென்காசிப் பக்கம். ரயிலில் அத்தனை கூட்டம், ஒரு குரல் இல்லை. முகவரியைப் பதிய வார்டு அலுவலகம் போனேன். அப்பா பெயரைச் சொல்லி யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் முறைதான் அது நான் என்று உறைத்தது. கடையில் சோற்றுருண்டை வாங்கினால் உள்ளே மீன், நான் சைவம். நேற்று என் குப்பைப் பையில் மட்டும் ஏதோ தாளை ஒட்டி, எடுக்காமல் போய்விட்டார்கள். அறைக்கு வந்து அழுதேன். ‘நிஷி-கசாய்க்கு வந்துவிடு, நம்ம ஆட்கள் இருக்கிறோம்’ என்கிறார்கள் சீனியர்கள். இந்தத் தனிமை பழகிவிடுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

தனிமை என்கிறீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோற்றுருண்டை, குப்பைத் தாள் இரண்டிலும் உங்களை மடக்கியது எழுத்து. பதினாறு வருடம் படித்தவர், ஒரே விமானப் பயணத்தில் கைநாட்டு ஆகிவிட்டீர்கள்.

என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் “ஏ தம்பி, இது எந்தூரு பஸ்சு?” என்பாள். பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூசும். இருபது வருடம் முன்பு மாணவனாக ஷின்ஜுகு ஸ்டேஷனில், 200-க்கும் மேற்பட்ட வாசல்களுக்கு நடுவே நின்றபோது அவள் ஞாபகம்தான் வந்தது. அவளுக்காவது கேட்க வாய் இருந்தது. (இகெபுகுரோ ஸ்டேஷனில் கவனம். பெயரில் மேற்கை வைத்திருக்கும் செய்பு கடை கிழக்கு வாசலில் இருக்கும், கிழக்கை வைத்திருக்கும் தோபு மேற்கு வாசலில். எழுத்துத் தெரிந்தவனும் அங்கே தொலைவான்.)

ஆகவே முதலில் கதகானா என்ற ஜப்பானிய எழுத்துவகை. அடிப்படை எழுத்து 46, ஒரு வாரம் போதும். ஆயிரக்கணக்கில் இருக்கும் கான்ஜியை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை, கண்டு இப்போதே மிரள வேண்டாம். வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா? சித்தம் என்ற பழைய இந்திய லிபியில் சமஸ்கிருதம் பயின்ற பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே வேர்பிடித்த வரிசை அது. குறில் நெடிலும் நமக்குப் பழக்கம்தான். ‘ஒபசான்’ என்றால் அத்தை, ‘ஒபாசான்’ என்றால் பாட்டி. வீட்டுக்கார அம்மாளிடம் மாத்திரையைக் குறைத்தே சொல்லுங்கள். கதகானாவில் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சொற்களைத்தான் எழுதுவார்கள். பஸ் என்பதைக் கடைசியில் உகரம் சேர்த்து ‘பஸு’ என்பார்கள். ஆச்சி சொன்னதேதான். எனக்கு அது பிடிபட்ட அன்று தெருவில் தனியாகச் சிரித்தேன்.

சோற்றுருண்டையின் உறையில் ‘ட்சுனா’ என்றிருந்தால் சூரைமீன், வைத்துவிடுங்கள். ‘உமே’ என்றால் உப்பில் ஊறிய பழம், நம் நார்த்தங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்துச் சுவை. நான் பல இரவுகளை அதைத் தின்றே கழித்தேன். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பையும் நம்பாதீர்கள், அடியில் இருப்பது பெரும்பாலும் மாசிக்கருவாட்டுச் சாறு.

நிஷி-கசாய்க்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணினி வேலைக்கு வந்தவர்கள் குடியேறி வளர்ந்த பகுதி அது. இட்லிக்கும் பேச்சுக்கும் குறைவில்லை. ஆனால் இப்போதே குடிபோனால் இந்தக் கைநாட்டு நிலை நீடிக்கும். பத்து வருடம் அங்கே இருந்தும் மருந்துச் சீட்டைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

அப்பா பெயர் விஷயத்தில் நான் உங்களுக்குப் பரிவு காட்டப்போவதில்லை. உங்கள் அம்மா வாய்விட்டுச் சொல்லாத பெயராக இருக்கும் அது. ஒரு அரசாங்க ஊழியர் அதோடு ‘சாமா’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து, தலையும் குனிந்து கூப்பிட்டிருப்பார். ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் சொல்லுங்கள்.

குப்பைப் பையில் ஒட்டிய தாளைக் கிழித்துப் போடாமல் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். எரிக்கும் குப்பையை எடுக்கும் நாளில் பாட்டிலைப் போட்டிருப்பீர்கள். அதுவரை பையை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். அந்த ஊர்க் காக்கைகள் நம்மூர்க் காக்கையைவிடப் பெரியவை, கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும்.