பழைய ஜோன்சன் மோட்டாருக்கு உதிரிப்பாகம்: கடைக்குப் போகும் முன் கண்டுபிடிக்க வேண்டிய எண்

நோர்வூட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடும் எங்கள் சிறு படகுக்காக, 15 குதிரைவலு கொண்ட பழைய ஜோன்சன் வெளியிணைப்பு இயந்திரமொன்றை வாங்கினோம். பெயர்த்தகடு தேய்ந்துபோயிருக்கிறது. ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே சூடேறுகிறது. பின்பக்கத் துவாரத்தால் தண்ணீர் வருவதில்லை. கியர் எண்ணெயும் பால் போல வெளுத்திருக்கிறது. ஹட்டனிலும் கொழும்பிலும் விசாரித்தோம். ‘இதற்குச் சாமான் கிடையாது, பழைய இரும்புக்குப் போடுங்கள்’ என்கிறார்கள். உண்மையிலேயே கிடைக்காதா?”

கிடைக்கும். உங்கள் மோட்டாரை இரும்புக்குப் போட வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை. கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. “ஜோன்சன் பதினைந்துக்குத் தண்ணீர்ப் பம்ப் இருக்கிறதா” என்று கேட்டால் அவர்களால் தேடிப் பார்க்க முடியாது; மொடல் இலக்கமும் ஆண்டும் தெரிந்தால்தான் பாக இலக்கம் தெரியும், பாக இலக்கம் தெரிந்தால்தான் சாமான் கைக்கு வரும்.

தகடு தேய்ந்துவிட்டதால் எண்ணே போய்விட்டது என்று எண்ண வேண்டாம். மேல் மூடியைக் கழற்றி இயந்திரத் தலையின் பக்கவாட்டைப் பாருங்கள். நாணயம் அளவில் ஒரு வட்ட உலோக அடைப்பு அறையப்பட்டிருக்கும். அதன் மேலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்தால், மொடல் இலக்கம் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். 1980இலிருந்து வந்த மோட்டார்களில், கடைசி எழுத்தை விட்டுவிட்டு அதற்கு முந்திய இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள், அவையே ஆண்டு. ‘இன்ட்ரடியூசஸ்’ (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளுக்கும் வரிசையாக 1 முதல் 9 வரையும், கடைசி எழுத்துக்கு 0 என்றும் எண் கொடுத்துப் பாருங்கள். சி, ஆர் (CR) என்று இருந்தால் 84, அதாவது உங்கள் மோட்டார் 1984ஆம் ஆண்டினது.

ஆண்டு தெரிந்தவுடன் தேடும் இடமும் விரிந்துவிடுகிறது. ஜோன்சனையும் எவின்ரூடையும் ஓஎம்சி என்ற ஒரே அமெரிக்க நிறுவனமே தயாரித்தது. மூடியின் நிறமும் பெயரும் வேறு, உள்ளே இருப்பது ஒன்று. 1974 முதல் 1992 வரையான 9.9 குதிரைவலு மோட்டாரும் 15 குதிரைவலு மோட்டாரும் ஒரே அடிப்படையில் அமைந்தவை. முக்கியமான வேறுபாடு காபரேட்டரில்தான். ஆகவே எவின்ரூட் 9.9 ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் கண்டாலும் அது உங்களுக்குப் பயன்படும். ஓஎம்சி 2000 டிசம்பரில் வங்குரோத்தானது, அதை வாங்கியவர்களும் 2020இல் எவின்ரூட் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் தேயும் பாகங்களை வேறு நிறுவனங்கள் இன்றும் செய்து விற்கின்றன. தண்ணீர் வராததற்கு முதலில் பார்க்க வேண்டியது இம்பெல்லரை, அதாவது தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் இறப்பர் இதழ்ச் சக்கரத்தை. உங்கள் வகை மோட்டாரின் இம்பெல்லருக்கு ஓஎம்சி இலக்கம் 386084. வேறு நிறுவனத்தின் பொதியிலும் “இந்த இலக்கத்துக்குப் பதிலானது” என்ற குறிப்பு இருக்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள்.

அந்த இம்பெல்லரைப் பற்றி ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு முறை, உறை கூடப் பிரிக்காத இம்பெல்லர் ஒன்றைக் கரையோரக் கடையொன்றில் மலிவாக வாங்கிப் பூட்டினேன். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் அரை மணி நேரம்கூட ஓடவில்லை. கழற்றிப் பார்த்தபோது இரண்டு இதழ்கள் அடியோடு முறிந்து, அவற்றின் துண்டுகள் தண்ணீர் மேலேறும் குழாயில் சிக்கியிருந்தன. பல வருடம் தட்டில் கிடந்தால் இறப்பர் ஓடாமலே கிழடாகிவிடும். பணம் கொடுக்கும் முன் ஓர் இதழைப் பெருவிரலால் நன்றாக மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மெல்லிய வெடிப்புத் தெரிந்தாலோ, விட்டவுடன் இதழ் நேராகத் திரும்பாவிட்டாலோ வாங்காதீர்கள். பெற்றோல் பம்பின் மென்தகட்டுக்கும் இதே விதிதான்.

எண்ணெய் வெளுத்திருப்பதற்குக் காரணம் கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருப்பது. எண்ணெய் விடும் திருகாணிகளின் சிறு வாஷர்களை முதலில் மாற்றுங்கள். மிக மலிவான காரணம் அதுதான், பலர் பார்க்காமல் விடுவதும் அதைத்தான். அடுத்து, சுழலித் (ப்ரொப்பெலர்) தண்டில் மீன்பிடி நைலோன் நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் வெளியேறாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் ஒயில் சீலை அது அறுத்துவிடும். சீல் மாற்ற வேண்டுமென்றால் அளவில் மிகக் கவனம் தேவை. ஜப்பானிய மோட்டார்களின் சீல்கள் மில்லிமீற்றர் அளவு; உங்களுடையது அங்குல அளவு. கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் “ஏறக்குறைய இதேதான்” என்று தருவதைத் தட்டி இறக்கினால் ஒரு மாதத்தில் எண்ணெய் மறுபடியும் வெளுக்கும். ஆணிகளும் அப்படித்தான்: கால் அங்குல ஆணியின் விட்டம் 6.35 மில்லிமீற்றர். அதன் இடத்தில் 6 மில்லிமீற்றர் ஆணியை முறுக்கினால் அலுமினியப் புரி அழிந்துவிடும், அந்தச் சேதத்தைச் சீர்செய்வதுதான் உண்மையான செலவு.

நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் திருத்துநர்களிடம் பெரும்பாலும் யமஹா, சுசுக்கிச் சாமான்களே இருக்கும். ஆனாலும் பட்டறையின் பின்புறத்தில் ஒதுக்கிய பழைய எஞ்சின்களைக் காட்டச் சொல்லுங்கள். கடலில் ஓடிய மோட்டாரிலிருந்து கியர், கிராங்க் தண்டு, காபரேட்டர் ஆகியவற்றைப் பார்த்து எடுக்கலாம். உப்பு அரித்த கியர்ப் பெட்டி உறையையும், தண்ணீர் வழிகள் அடைபட்ட சிலிண்டர் தலையையும் எடுக்க வேண்டாம். உங்கள் மோட்டார் நன்னீரில் மட்டும் ஓடியிருந்தால், அதன் உறைகளே அவற்றைவிட நல்ல நிலையில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் கடையைத் தேடவும் வேண்டியதில்லை. சாதாரண காகித கஸ்கட்டுகளைச் சரியான தடிப்புள்ள தாளில் வெட்டிக்கொள்ளலாம். சிலிண்டர் தலைக் கஸ்கட்டை மட்டும் வாங்கியே தீர வேண்டும். புஷ், இடைத்துண்டு போன்றவற்றைத் தேயிலைத் தொழிற்சாலைப் பிட்டர் ஒருவர் லேத்தில் கடைந்து தருவார். மாதிரியைக் கையில் கொடுங்கள். மோதினால் முறிவதற்கென்றே சுழலியில் ‘ஷியர் பின்’ என்ற சிறு ஊசி வைத்த மோட்டார் வேறொன்று உங்களிடம் இருந்தால், அந்த ஊசிக்குப் பதிலாக இரும்பு ஆணி போடவே கூடாது. மவுசாகலையில் நீர் வற்றும்போது நீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோவிலும் பள்ளிவாசலும் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நீர்மட்டம் சற்று உயர்ந்திருக்கும் நாட்களில் அப்படிப்பட்ட கற்கட்டுகள் சுழலிக்கு எட்டும் ஆழத்தில் மறைந்திருக்கும். மோதும்போது அந்த ஊசி முறிய வேண்டும். அது முறியாவிட்டால் கியர்ப் பல் முறியும்.

எல்லாம் மாற்றிய பிறகும் மோட்டார் முழு வலுவோடு இழுக்காவிட்டால், உடனே மேலும் பாகம் வாங்கப் புறப்படாதீர்கள். உயரம் கூடக் காற்று மெலிவதால், ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் வலு குறையும்; காசல்ரீ 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பிளக் கழற்றும்போது முனை கருத்து ஈரமாக இருந்தால், காபரேட்டரின் பிரதான ஜெட்டை (பெற்றோல் பாயும் சிறு துவாரமுள்ள துண்டை) ஓர் அளவு சிறியதாக்கி, அதே சுமையோடு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.