மாநாட்டுக்குப் புறப்படும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உலக அறிவியல் செய்தியாளர் மாநாட்டில் கலந்துகொள்ள எனக்குப் பயண உதவித்தொகை கிடைத்திருக்கிறது. வெளிநாட்டு மாநாடு எதற்கும் இதுவரை சென்றதில்லை. இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. எதிலிருந்து தயாரிப்பைத் தொடங்குவது?

பதில்: வாழ்த்துகள். இது எத்தகைய மாநாடு என்பதை முதலில் மனத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அறிவியலாளர்கள் தங்கள் கண்டுபிடிப்புகளை அறிவிக்கக் கூடும் மாநாடு வேறு. அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசக் கூடும் மாநாடு வேறு. நீங்கள் செல்லவிருப்பது இரண்டாவது வகை. முதன்முறை செல்லும் பலர் இந்த வேறுபாட்டை உணராமல், நாளுக்கு நான்கு பரபரப்புச் செய்திகள் கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் சென்று ஏமாந்து திரும்புகிறார்கள். அங்கே கிடைப்பது ஆட்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து எட்டாத ஆவணத்தை எட்டக்கூடிய, நீங்கள் ஒரு முனையைப் பிடித்திருக்கும் கதையின் மறுமுனையைப் பிடித்திருக்கும் சக செய்தியாளர்கள். ஆகவே, தனியாக எழுதி முடிக்க இயலாமல் உங்கள் மேசையில் தேங்கிக் கிடக்கும் இரண்டு மூன்று கதைகள் எவை என்று எழுதிப் பாருங்கள். ஓர் ஆற்றின் மாசு எல்லை கடந்து போகிறதா, ஒரு மருந்தின் பரிசோதனை வேறு நாடுகளிலும் நடந்ததா என்பன போன்ற கேள்விகள் உங்களிடம் இருந்தால், யாரைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், மூன்று மாதத் தயாரிப்பில் பாதி இதுதான்.

மறுபாதி காகித வேலை. விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை மாநாட்டு அமைப்பாளர்களிடம் இன்றே கேளுங்கள். அமெரிக்கா போன்ற சில நாடுகள் செய்தி சேகரிக்க வருவோருக்குத் தனி விசா வகை வைத்திருப்பதால், சுற்றுலா விசாவில் சமாளித்துக்கொள்ளலாம் என்ற யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். விமானம் மாறும் நாட்டுக்கும் விசா தேவையா என்று பாருங்கள். உதவித்தொகை முன்கூட்டியே வருமா, செலவழித்த பின் ரசீதைக் காட்டிப் பெற வேண்டுமா என்பதை எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் பெற்ற முதல் உதவித்தொகை இரண்டாவது வகை என்பதை விமானச் சீட்டு வாங்கும் நாளன்றுதான் அறிந்தேன். அந்த மாதத்தை எப்படிக் கடந்தேன் என்பது தனிக்கதை.

பயணச்சீட்டு, முடிந்தவரை, தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். இந்த மாநாட்டின் வரலாறே அதற்குக் காரணம் சொல்லும். 1992இல் டோக்கியோவில் தொடங்கிய மாநாடு 2011இல் கெய்ரோவில் நடப்பதாக இருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் எழுந்த மக்கள் எழுச்சியால் தோஹாவுக்கு மாறியது. கொலம்பியாவின் மெடெயின் நகர மாநாடோ பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2023 மார்ச் மாதத்தில்தான் கூடியது.

கேள்வி: நிகழ்ச்சி நிரலில் ஒரே நேரத்தில் பல அமர்வுகள் இருக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: தலைப்பைப் பார்க்காமல் பேச்சாளரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கவர்ச்சியான தலைப்பில் வெறுமையான அமர்வுகள் உண்டு. பேச்சாளர் எழுதிய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, அதிலிருந்து ஒரு கேள்வியுடன் செல்லுங்கள். நாளுக்கு மூன்று அமர்வுகள் போதும். தேநீர் இடைவேளைகளை அறையில் உறங்கிக் கழிக்காதீர்கள்.

கேள்வி: மாநாட்டிலிருந்து தினமும் செய்தி அனுப்புமாறு ஆசிரியர் கேட்கிறார். அங்கே காதில் விழுவதையெல்லாம் எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. ஒவ்வோர் அறையிலும் எந்த விதி செல்லும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு. பெரும்பாலான அமர்வுகள் வெளிப்படையானவை. பேச்சாளரின் பெயரிட்டே எழுதலாம். சில அமர்வுகளுக்குச் சாத்தம் ஹவுஸ் விதி பொருந்தும் என்று அறிவிப்பார்கள். லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்த இவ்விதியின்படி, கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், ஆனால் அதைச் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளியிடக் கூடாது. உணவு மேசையில் சக செய்தியாளர் மனம்விட்டுச் சொன்னதை, அவருடைய அனுமதி இல்லாமல் மேற்கோளாக்குவது விதிக்கு முன்பே நட்புக்கு இழுக்கு.

அடுத்தது வெளியீட்டுத் தடை. ஆய்விதழ்கள் தங்கள் கட்டுரைகளைச் சில நாள் முன்னதாகச் செய்தியாளர்களுக்குக் கொடுத்து, குறித்த நேரம் வரை வெளியிடாமல் இருக்கச் சொல்கின்றன. ‘நேச்சர்’ இதழின் தடை வழக்கமாகப் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணிக்கும், ‘சயின்ஸ்’ இதழின் தடை வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம் பிற்பகல் 2 மணிக்கும் நீங்கும். வேறொரு நேர மண்டலத்தில், பயண அயர்ச்சியில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் தவறும். செல்லும் ஊரின் நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தடையை மீறியவருக்கு முன்கூட்டிய பிரதி வருவது நின்றுபோகலாம்.

அறிவியலாளர் ஒருவரை அங்கே சந்தித்து, இன்னும் வெளிவராத ஆய்வைப் பற்றிக் கேட்டால் அவர் தயங்கக்கூடும். அதற்கு 1969இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர் அறிவித்த விதி ஒரு பழைய காரணம்: வேறிடத்தில் முன்பே வெளியான முடிவுகளைத் தம் இதழ் ஏற்காது என்றார் அவர். மாநாட்டில் ஆய்வை முன்வைப்பது இதில் அடங்காது என்று இதழ்கள் விளக்கியிருந்தாலும் அச்சம் முற்றிலும் போகவில்லை. நீங்கள் சந்தித்த அறிவியலாளர் பேசினாலும், அந்த முடிவு இன்னும் துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்கு உட்படாதது என்ற வரி உங்கள் செய்தியின் மேல்பகுதியிலேயே வர வேண்டும். கடைசிப் பத்தியில் ஒளித்து வைப்பது வாசகருக்குச் செய்யும் அநீதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015இல் சியோலில் கூடிய இதே மாநாட்டையொட்டி நடந்த மதிய விருந்து ஒன்றில், நோபல் பரிசு பெற்ற உயிர்வேதியியலாளர் டிம் ஹன்ட் ஆய்வகத்தில் பெண்கள் பணிபுரிவது பற்றிச் சொன்ன சொற்கள் சமூக ஊடகங்கள் வழியாக உலகச் செய்தியாகிக் கண்டனத்துக்கு உள்ளாயின. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வகித்த கௌரவப் பதவியை அவர் விட்டு விலகினார். சொற்கள் வேடிக்கையாகச் சொல்லப்பட்டவையா, முழுமையாக எவை என்பது பற்றிய வாதம், முழுப் பேச்சின் பதிவு இல்லாமல், வெகுநாள் நீடித்தது. அவரைச் சார்ந்தோ எதிர்த்தோ இங்கே நான் பேச வரவில்லை. வெளிப்படையான பேச்சு எதுவாயினும், அனுமதி பெற்று, விருந்து மேசையிலும் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கி வையுங்கள். மேற்கோளுக்கு முன்னும் பின்னும் இரண்டு வாக்கியங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது. அந்நியர்களிடம் சென்று பேசக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அங்கே வருகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது அல்லது மூன்றாவது மொழி. உங்கள் தடுமாற்றத்தை யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. “நான் இந்தத் துறையைப் பற்றி எழுதுகிறேன், இந்தக் கதையில் இந்த இடத்தில் நின்றுவிட்டேன், உங்கள் நாட்டில் இதை யார் அறிவார்?” என்ற மூன்று வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இவை போதும், ஏனெனில் கேட்கப்பட்டவர் தாமாகவே பேசத் தொடங்கிவிடுவார். புறப்படும் முன் பேச்சாளர்களில் ஐந்து பேருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, எந்த நாள் எந்த இடைவேளையில் சந்திக்கலாம் என்று கேளுங்கள். இருவர் பதில் எழுதினாலும் முதல் நாள் காலையில் தேநீர்க் கோப்பையுடன் சுவரோரம் தனியே நிற்க வேண்டியிராது.