பதில்: சபையில் எச்ஐவி உள்ள குடும்பத்துக்கு எப்படி உதவுவது?

ஐயா, கணவரை இழந்த சகோதரிக்கும் அவருடைய மகனுக்கும் எச்ஐவி இருப்பதால், ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபித்துக் காணிக்கை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். நம்பிச் சொன்னதை அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டமும் தடுக்கிறது. காலையில் ஜெபக் குறிப்பாகச் சொன்னது மாலைக்குள் பையனின் பள்ளிக்கூடம் வரை போய்விடும்.

பணத்தை ஏழைகள் நிதியிலிருந்து ஆயர் கையாலேயே கொடுங்கள். கணக்கில் 'மருத்துவ உதவி' என்று மட்டும் எழுதினால் போதும்.

அரசு ஏஆர்டி மையத்தில் (எச்ஐவி சிகிச்சை மையம்) மாத்திரை இலவசம்தான். ஆனால் போய்வர பஸ் செலவு, அன்றைய கூலி இரண்டும் போகும். பலர் மாத்திரையை விடுவது இதனால்தான். மையம் தரும் புத்தகத்தில் அடுத்த தேதி இருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்பே இந்தத் தொகை அவர் கையில் இருக்கட்டும்.

"ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு" என்று எந்த ஊழியர் சொன்னாலும் விடாமல் மறுத்துப் பேசுங்கள். நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகும்.

நற்கருணைக் கிண்ணத்தால் எச்ஐவி பரவாது. தனிக் கிண்ணம் வைக்காதீர்கள். கமிட்டியில் சந்தேகப்படுகிறவர்கள் அரசின் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு இலவசமாகப் பேசலாம்.