மாமாவின் சைக்கிளை மாட்டி வைப்பதா, மிதிப்பதா?

கேள்வி: இங்கிலாந்தின் டெர்பியில் வேலை பார்த்த என் மாமா, 1974இல் தன் உடம்புக்கு அளவு கொடுத்துச் செய்து வாங்கிய மெர்சியன் கம்பெனியின் கியர் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. குழாய் மூட்டான லக்கைச் சுற்றித் தங்கக் கோடு, 531 ஸ்டிக்கர் எல்லாம் அப்படியே உள்ளன. தரகர் ஒருவர், “ஓட்டினால் விலை போய்விடும். பெயின்ட், குரோம் எல்லாம் புதுசு பண்ணித் தருகிறேன், என்னிடமே கொடுங்கள்” என்கிறார். எனக்கு விற்க மனமில்லை. ஓட்டினால் கெட்டுவிடுமா? – வாசகர், புதுச்சேரி.

பதில்: தாராளமாக ஓட்டுங்கள். உங்களைப் போன்ற கடலோர ஊர்களில், ஓட்டிக் கெட்ட சைக்கிளைவிடச் சுவரில் மாட்டிக் கெட்ட சைக்கிளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓட்டுகிறவர் அடிக்கடி துடைப்பார், சத்தம் வந்தால் குனிந்து பார்ப்பார். மாட்டி வைத்தவர் மேலே தூசி தட்டுவதோடு சரி. உப்புக்காற்று குழாய்க்குள் புகுந்து துருவேற்றுவது அவர் கண்ணுக்குத் தெரியாது.

குழாயும் குழாயும் சேரும் இடத்தில் இருக்கும் லக்கை விரலால் தடவிப் பாருங்கள். ஒருவர் உட்கார்ந்து அரத்தால் ராவி, ஓரத்தை மெலிதாக்கி, பிறகு பித்தளை விட்டு ஊதிப் பற்றவைத்தது அது. 531 என்பது ரெனால்ட்ஸ் கம்பெனி 1935இல் கொண்டுவந்த மாங்கனீசு-மாலிப்டினம் எஃகு. குழாய் இரண்டு முனையிலும் கனம், நடுவில் மெலிசு. மேல்குழாயின் நடுப்பகுதிக் கனம் அரை மில்லிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். மிதிக்கும் விசையைத் தாங்கவே செய்தது, அதனால் மிதிப்பதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ரிப்பேர் ஸ்டாண்டில் அந்த மேல்குழாயைப் பிடித்து இறுக்கினால் நசுங்கிவிடும். சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் பில்லரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தரகர் சொன்ன ‘புதுசு பண்ணி’ என்ற வார்த்தைதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. மணல் அடித்துப் பவுடர் கோட்டிங் போட்டால் லக்கின் ஓரம் மழுங்கும், தங்கக் கோடு அழியும், மெலிந்த குழாய் இன்னும் மெலியும். குரோம் முலாமுக்காக அமிலத் தொட்டியில் முக்கினால் அமிலம் உள்ளே தங்கி உள்ளிருந்தே அரிக்கும். தவிர, எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சி முறியும் குணத்துக்கு வந்துவிடலாம். அசல் பெயின்ட் போன வண்டியின் விலை ஏறாது, இறங்கும். அப்புறம், ‘கழற்றிப் பூட்டித் தருகிறேன்’ என்று வாங்கிப் போகிற இடத்தில் அசல் கிராங்கும் (பெடல் மாட்டும் கை) ஹப்பும் (சக்கரத்தின் நடு உருளை) மாறிவிடும். யாரிடம் கொடுத்தாலும் ஒவ்வொரு பாகத்தையும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டிக்கரை மட்டும் காட்டி யாராவது உங்களுக்கு இன்னொரு 531 வண்டியை விற்க வந்தால் வாங்காதீர்கள், ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கிறது. முழு 531 டபுள் பட்டட் (இரு முனையும் கனத்த குழாய்) ஃபிரேமில் பொதுவாக 27.2 மில்லிமீட்டர் பில்லர்தான் உட்காரும். அதை அளந்து பார்ப்பது நல்லது.

மெக்கானிக்கிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: இது இங்கிலீஷ் மரை. இரண்டு கிராங்கையும் இணைக்கும் அச்சைத் தாங்கும் செயின் பக்கக் கப் இடது மரை, கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் உளியும் சுத்தியலும் வைத்து எதிர்ப்பக்கம் அடித்தால் மரை போய்விடும். பால்ரஸ் மாற்றி முழு ஓவராயிலிங் செய்தே ஆகவேண்டும், பிரேக் கட்டையும் புதிது போடுங்கள்.

டயர்தான் உண்மையான தலைவலி. அந்தக் காலத்து 27 அங்குல ரிம் என்றால் டயர் ஓரத்தில் சின்ன எழுத்தில் 630 என்று இருக்கும், டயர் ரிம்மில் உட்காரும் விட்டம் அது, மில்லிமீட்டரில். இன்றைய 700சி டயர் 622, நம்மூர் 28 அங்குல டயர் 635. ‘ஏறக்குறைய ஒன்றுதான் சார்’ என்று 635ஐ மாட்டிவிடுவார்கள். காற்று அடித்ததும் அது ரிம்மை விட்டுக் கழன்று ட்யூப் வெடிக்கும். சீனாவுக்கு அடுத்து அதிக சைக்கிள் செய்யும் நாடு நம்முடையது. ரெனால்ட்ஸ் இருந்த அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தோடு சேர்ந்து 1949இலேயே சென்னையில் சைக்கிள் கம்பெனி தொடங்கியவர்கள் நாம். இருந்தும் ஒரு 630 டயருக்கு வெளிநாட்டுக் கூரியருக்காகக் காத்து, டயர் விலைக்கு நிகராகச் செலவும் கட்ட வேண்டியிருக்கிறது. இதைத் தினமும் வாடிக்கையாளரிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

‘ஓட்டுங்கள்’ என்று நான் சொன்னது எஃகுக்குத்தான். ஹேண்டில்பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம், கிராங்கு மூன்றும் அலுமினியமாக இருக்கும். அவற்றுக்கு அந்தச் சொல் பொருந்தாது. எஃகு ஓர் அளவுக்கு உட்பட்ட விசையை எத்தனை லட்சம் தடவையும் தாங்கும். அலுமினியம் ஒவ்வொரு குலுக்கலையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். வண்டி பளபளவென்று இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சென்ற வருடம் ஒருவருடைய ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பழைய துணி டேப்பை அவிழ்த்தேன். உள்ளே வியர்வை உப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைத் துடைத்ததும் ஸ்டெம்முக்கு ஒரு விரல் தள்ளி மயிரிழைக் கோடு ஒன்று, நகம் வைத்தால் தட்டியது, குழாயைப் பாதி சுற்றியிருந்தது. முந்தின நாள் வரை அவர் அதில் தொங்கியபடி பாலம் ஏறியவர். பார் எச்சரிக்கை கொடுத்து உடையாது, ஒரே நொடியில் முகம் தரையில் இருக்கும்.

ஆகவே மாமாவின் பாரையும் ஸ்டெம்மையும் கழற்றி, துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பழைய பார் ஒன்றையே தேடி வாங்குவதில் பயனில்லை, அதுவும் யாரோ குலுக்கித் தீர்த்த அலுமினியம்தான். ஜப்பானின் நிட்டோ இந்தப் பழைய பாணி ஸ்டெம்மையும் பாரையும் இன்றும் புதிதாகச் செய்கிறது. ஸ்டெம்மின் அளவையும் பாரின் அளவையும் ஒத்துப்பார்த்து வாங்குங்கள். கிராங்கின் கை, பல்சக்கரத்தோடு சேரும் மூலையிலும் பெடல் மரையைச் சுற்றியும் டார்ச் அடித்துக் கோடு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதுவும் பெட்டிக்குத்தான்.

கடைசியாக, ஓவராயிலிங்குக்கு எல்லாம் கழற்றியிருக்கும்போதே குழாய்க்குள் பாயில்டு லின்சீட் ஆயிலை ஊற்றிவிடுங்கள், பெயின்ட் கடையில் கிடைக்கும். சீட் குழாய் வழியாக ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் கவிழ்த்துப் புரட்டி, மிச்சத்தை வடித்துவிட்டு இரண்டு வாரம் காயவிடுங்கள். அப்புறம் பில்லருக்குக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவிப் புதிதாகத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அலுமினியமும் எஃகும் பிடித்துக்கொண்டு வரவே வராது. எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.