பழனிக்கு நடக்கும் சர்க்கரைக்காரர்: வலிக்காத பாதத்தை நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 57, ஊர் காரைக்குடி. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் ஒரு வேளை. தைப்பூசத்துக்கு ஒவ்வொரு வருடமும் குழுவோடு பழனிக்கு நடக்கிறேன், வெறுங்காலில்தான். போன தடவை ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வலது பாதத்தில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்திருக்கிறது. கூட வந்தவர் சொல்லித்தான் பார்த்தேன். ஆற இரண்டு மாதம் ஆனது. ஆனால் ஒரு நாளும் வலித்ததில்லை. மாலை போட்டால் ஒரு வேளைதான் சாப்பாடு. இந்த முறை போகவே கூடாது என்கிறாள் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: போங்கள். ஆனால் வெறுங்காலில் வேண்டாம், இந்த வருடம் முழுத் தூரமும் வேண்டாம். உங்கள் வீட்டம்மா சொல்வதில் முக்கால் பங்கு சரி.

"ஒரு நாளும் வலித்ததில்லை" என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலையே அங்கேதான். கொப்புளம் உடைந்தால் யாருக்கும் எரியும். உங்களுக்கு எரியவில்லை என்றால் நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்தின் உணர்வு நரம்புகள் பழுதாகியிருக்கின்றன என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நல்ல பாதமுள்ளவர் கல் குத்தினால் அடுத்த அடியைத் தன்னையறியாமல் மாற்றி வைப்பார், நொண்டுவார், உட்காருவார். நொண்ட வேண்டிய இடத்திலும் நீங்கள் நேராக நடப்பீர்கள். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் விழும். நத்தம் சாலையோர மருத்துவ முகாம் ஒன்றில் ஒருவர் காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தார். காய்ச்சல் ஏன் என்று தேடியபோது குதிகாலில் சீமைக் கருவேல முள் முழுதாகப் புதைந்து, சுற்றிலும் சீழ் கோத்திருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டம்மா தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இறகு பட்டதுபோல ஓரிரு நொடி தொடட்டும், இரண்டு காலிலும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. எந்தக் கால் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது. ஆறும் தெரிந்தாலும் சர்க்கரை மருத்துவரிடம் போய் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனையும் (மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு பார்ப்பது), பாதத்தில் நாடித்துடிப்பும் பார்த்துவிடுங்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலில் சின்னப் புண்கூட ஆறாது. நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு முறை புண் வந்து ஆறிய பாதத்தில் மறுபடி புண் வரும் வாய்ப்பு அதிகம். ஆறிய இடத்துத் தோல் பழைய தோல் ஆகாது. முழு நடை வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம். குன்றக்குடியில் தொடங்கி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போகும் அந்த வழி 150 கிலோமீட்டருக்கு மேல். காலையில் சில கிலோமீட்டர் நடந்துவிட்டு மீதிக்குக் குழுவின் சாமான் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் நடந்தாலும் நடைதான். முருகனிடம் பேச வேண்டியதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், கால் விஷயம் மட்டும் என்னுடையது. மேலே ஏற 690 சொச்சம் படி. அதற்கு யானைப்பாதை, விஞ்ச், ரோப் கார் மூன்றும் இருக்கின்றன.

செருப்புக்கு வருவோம். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியும். உள்ளே மெத்தென்ற கறுப்பு ரப்பர், கீழே கெட்டியான அடி, பின்னால் குதிகாலைப் பிடிக்கும் பட்டை, மேலே ஒட்டுப்பட்டை. விரலிடுக்கில் வார் போகும் சாதாரணச் செருப்பு ஆகாது. மரத்த விரல் அதைப் பிடிக்காது, கழன்றாலும் தெரியாது, இடுக்கில் அறுக்கும். சாயங்காலத்தில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். யாத்திரையன்று புதுச்செருப்பு போடுவதும் பெரிய வம்பு. கார்த்திகையிலேயே வாங்கி, தினம் அரை மணி நேரத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டிக்கொண்டே போங்கள். உள்ளே பருத்தி சாக்ஸ், வெள்ளை நிறத்தில். கறை உடனே கண்ணுக்குத் தெரியும் என்பதற்காகத்தான் வெள்ளை. சன்னதிக்கு முன் கழற்றிவிட்டுப் போங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. தை மாதம் குளிர் என்று பெயர்தான், பகல் பதினொரு மணிக்குத் தார் ரோட்டில் கை வைத்துப் பாருங்கள். வெயிலுக்குப் பயந்து இருட்டில் நடந்தால் ஒளிரும் பட்டை கட்டாயம்.

தங்குமிடத்தில் செய்யும் உபசாரம் இன்னொரு ஆபத்து. அண்டாவில் உப்புப் போட்டு வெந்நீர் வைத்திருப்பார்கள், எல்லோரும் காலை விடுவார்கள். நீங்கள் விட வேண்டாம். சூடு தெரியாத பாதம் வெந்தபிறகுதான் தெரியும். சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு ஈரமில்லாமல் துடைத்து, கைபேசி வெளிச்சத்தில் அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வறண்ட குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள், தலைமுடி கோத்து விடும் கைவைத்தியமும் உங்களுக்கு இல்லை. சுத்தமான துணி கட்டி, அன்றோடு நடையை நிறுத்துங்கள்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அடியோடு இறக்குவது அபூர்வம், கிளிமிபிரைட் இறக்கும். ஒரு வேளைச் சாப்பாடு, நாள் முழுக்க நடை, இரண்டு வேளை கிளிமிபிரைட் மூன்றும் சேர்ந்தால் ரோட்டோரம் மயங்கி விழுவீர்கள். நடந்து முடித்த இரவிலும் சர்க்கரை இறங்கும். விரதத்தைப் பால், பழம், சுண்டல் என்று மூன்று நான்கு முறையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடை எவ்வளவு குறைப்பது என்று உங்கள் மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். குளுக்கோமீட்டர் இடுப்புப் பையில் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல் வந்தால் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வழியில் தரும் பானகம் அந்த நேரத்துக்கு மருந்து, மற்ற நேரத்தில் மோர் போதும். அன்னதானப் பந்தல் தோறும் கேசரி வைப்பார்கள், கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

குழுவில் ஒருவர் பையில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரைப் பட்டை நிச்சயம் இருக்கும், கேட்காமலே நீட்டுவார். வாங்காதீர்கள். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் டெல்மிசார்ட்டனோடு அது சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். தொடை, இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ஒரு பாதம் மட்டும் மற்றதைவிடச் சூடாகி, சிவந்து, வீங்கினால் வலி இல்லாவிட்டாலும் ஓர் அடிகூட வைக்காதீர்கள். எலும்பே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம், சார்கோ பாதம் என்போம். காய்ச்சல், சீழ், தோல் கறுத்தல் இருந்தாலும் அப்படித்தான். வண்டியில் ஏறித் திண்டுக்கல்லிலோ பழனியிலோ அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டெட்டனஸ் தடுக்கும் டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் இப்போதே உங்கள் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். பாதச் சோதனை மார்கழிக்கு முன் முடியட்டும். அதில் புண்ணோ கறுத்த தடிப்போ தெரிந்தால் இந்த வருடம் பஸ்ஸில் போய் வாருங்கள்.